கழுத்துக் கருமையும் ஹெலன் கர்த்தும்

"டாக்டரம்மா, எவ்வளவு தேய்ச்சாலும் இந்தக் கழுத்து அழுக்கு மட்டும் போகவே மாட்டேங்குது."

தோல் மருத்துவராக இருக்கும் யாரைக் கேட்டாலும், இதே வாக்கியத்தை வாரத்துக்குப் பலமுறை கேட்பதாகச் சொல்வார்கள். சொல்வது பெரும்பாலும் அம்மாக்கள். பக்கத்து நாற்காலியில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பெண், துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னிடம் வருவதற்கு முன் வீட்டில் ஒரு பெரிய வைத்தியமே முடிந்திருக்கும். பீர்க்கங்காய் நார், எலுமிச்சம்பழத் தோல், சமையல் சோடா, தயிரில் குழைத்த கடலை மாவு என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்ததில் தோல் புண்ணாகி, ஆறி, முன்னைவிடக் கறுத்திருக்கும். கவரிங் செயின் போட்டதால் வந்த கறை என்பார் பாட்டி. உடம்பு சூடு என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "இவ ஒழுங்கா குளிக்கிறதே இல்ல" என்பது அம்மாவின் தீர்ப்பு. அந்தப் பெண் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அது அழுக்கு இல்லை. குளிப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மருத்துவத்தில் அதன் பெயர் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, சிலருக்கு முழங்கை மடிப்பு, விரல் முட்டிகள் ஆகிய இடங்களில் தோல் கறுத்துத் தடிக்கும். விரலால் தடவினால் வெல்வெட் துணியைத் தொடுவது போலிருக்கும். கோடுகள் ஆழமாகத் தெரியும். அதன் மேலேயே சின்னச் சின்னதாகத் தொங்கும் மருக்கள், நம் ஊரில் பாலுண்ணி என்பார்களே, அவையும் முளைத்திருக்கும். கறுப்பாகத் தெரிந்தாலும் நிறமி அங்கே அவ்வளவாகக் கூடுவதில்லை. மேல்தோல் வேகமாக வளர்ந்து, மடிந்து, தடித்துப் போவதால்தான் அந்தக் கருமை. அதனால்தான் வெளுக்க வைக்கும் கிரீம்கள் அதனிடம் தோற்கின்றன.

இந்தக் கருமையைப் பற்றி இன்று நாங்கள் நோயாளியிடம் சொல்லும் பாதிக்கு மேற்பட்ட விஷயங்களுக்கு அடித்தளம் போட்டவர் ஒரு பெண். அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்த மருத்துவர்களுக்குக்கூட அவர் யார் என்று தெரிவதில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. தோல் மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அரிய நோய்களில் புஷ்கே–ஒல்லென்டார்ஃப் என்று ஒன்று இருக்கும். வேறொரு அத்தியாயத்தில் கர்த்–மேக்லின் என்று ஒன்று வரும். அந்த ஒல்லென்டார்ஃபும் இந்த கர்த்தும் ஒரே ஆள். முதல் பெயர் பிறந்த வீட்டுப் பெயர், இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. ஹெலன் ஒல்லென்டார்ஃப் கர்த். ஆணாக இருந்திருந்தால் இரண்டு நோய்களும் ஒரே பெயரில் இருந்திருக்கும், மாணவர்களும் யார் இவர் என்று ஒருமுறையாவது தேடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1899இல் ப்ரெஸ்லாவ் நகரத்தில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஹெலன். அன்று அது ஜெர்மனியின் பிரஷ்யப் பகுதி. இன்று போலந்தில் இருக்கிறது, வ்ராட்ஸ்வாஃப் என்ற பெயரில். அவர் பிறந்த ஆண்டில் பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் ஒரு பெண் முறைப்படி மாணவியாகச் சேர முடியாது. வகுப்பில் விருந்தாளியாக உட்கார்ந்து கேட்கலாம், அதுவும் பேராசிரியர் மனம் வைத்தால். 1908இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஹெலன் பள்ளியை முடித்தபோது கதவு திறந்து பத்து ஆண்டுகள்கூட ஆகியிருக்காது. அந்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவராக மருத்துவம் படித்தார்.

பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பிரிவின் தலைவர் ஆபிரகாம் புஷ்கே. ஜெர்மனியில் அப்போது தோல் நோயும் பால்வினை நோயும் ஒரே துறை. வார்டுகளில் பெரும்பகுதி சிஃபிலிஸ் நோயாளிகள். பெனிசிலின் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய காலம் அது. 1906இல் வந்த வாசர்மன் ரத்தப் பரிசோதனையும் 1910இல் வந்த சால்வர்சான் ஊசியும்தான் கையில் இருந்தவை. திருமணமாகாத ஒரு இளம்பெண் பால்வினை நோய் வார்டில் மருத்துவராக நிற்பதை இன்றும் முகம் சுளித்துப் பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வார்டில் அவர் கவனித்த ஒரு விஷயம் அவர் பெயரிலேயே இன்றும் இருக்கிறது. சிஃபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் உடம்பெங்கும் சிறு கட்டிகள் எழும். பார்வைக்கு அவை வேறு பல தோல் நோய்களைப் போலவே இருக்கும், அரிக்காது, வலிக்காது. ஆனால் மழுங்கிய முனையுள்ள ஒரு கம்பியால் மெல்ல அழுத்தினால் நோயாளி துடித்துப் போவார். இதுதான் ஒல்லென்டார்ஃப் அறிகுறி. செலவு இல்லை, கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தொட்டுப் பார்த்தால் போதும். இன்று எங்கள் துறையில் நோயாளியின் கைபேசிப் படத்தைப் பார்த்தே மருந்து எழுதும் பழக்கம் வந்துவிட்டது. படத்தில் ஒல்லென்டார்ஃப் அறிகுறியைப் பார்க்க முடியாது.

1928இல் புஷ்கேயும் அவரும் சேர்ந்து ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். தோலில் தோல் நிறத்திலேயே சிறுசிறு தடிப்புகள். அதனால் நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இதை ஒரு அரிய விஷயமாக எழுதிவைத்ததோடு விட்டிருக்கலாம், ஆனால் ஹெலன் விடவில்லை. 1934இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் அதே நோயைப் பற்றி மீண்டும் எழுதினார். இம்முறை எலும்பையும் சேர்த்து. இந்தத் தடிப்பு உள்ளவர்களை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முனைகளில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஆஸ்டியோபொய்கிலோசிஸ் என்று பெயர். முற்றிலும் தீங்கற்றது. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். முழங்கால் வலிக்காக எக்ஸ்ரே எடுத்த ஒருவருக்கு எலும்பெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்ற பயம் முதலில் வரும். அடுத்தடுத்து ஸ்கேன், பயாப்சி என்று குடும்பமே ஆடிப்போகும். அவருடைய தோலைப் பார்த்து இது அதுவாக இருக்கலாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த அலைச்சல் மிச்சம். எழுபது ஆண்டுகள் கழித்து, 2004இல், தோலிலும் எலும்பிலும் இந்த மாற்றங்கள் ஒரே மரபணுவின் கோளாறால் வருகின்றன என்று கண்டுபிடித்தார்கள். ஹெலன் கண்ணால் பார்த்துச் சேர்த்த முடிச்சு சரியானதுதான்.

அந்த 1934 கட்டுரை அமெரிக்க இதழில் வந்ததற்குக் காரணம், அப்போது அவர் பெர்லினில் இல்லை. கணவர் வில்லியம் கர்த்தும் தோல் மருத்துவர். இருவரும் 1930களின் தொடக்கத்திலேயே நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்த முடிவின் கனம் தெரிய வேண்டுமானால் பின்னால் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். 1933இல் ஜெர்மனியின் தோல் மருத்துவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் யூதர். மற்ற துறைகளில் யூத இளைஞர்களுக்குப் பதவி தர மறுத்ததால், பலரும் ஒதுங்கிக் கிடந்த இந்தத் துறைக்கு வந்து அதை உலகின் முன்னணிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஹிட்லர் வந்ததும் அவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1938இல் யூத மருத்துவர்களின் உரிமங்களே செல்லாது என்று ஆயிற்று. ஹெலனின் ஆசிரியர் புஷ்கே, நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1943இல் அங்கேயே இறந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. புஷ்கே–ஒல்லென்டார்ஃப் என்று நாங்கள் ஒரே மூச்சில் சொல்லும் பெயரில் ஒரு பாதி அங்கே முடிந்துபோனது. மறுபாதி நியூயார்க்கில், புது மொழியில், புது நாட்டில் வேலையைத் தொடர்ந்தது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவ மையத்தில் நோயாளிகளைப் பார்த்தார். அங்கேதான் கழுத்துக் கருமை அவர் கையில் சிக்கியது. அல்லது அவர் அதன் கையில் சிக்கினார் என்றும் சொல்லலாம். அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவர் அதை விடவில்லை.

அவருக்கு முன் இந்த நோயைப் பற்றித் தெரிந்திருந்தது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சமும் பயமுறுத்துவது. 1890இல் பொலிட்சர், யானோவ்ஸ்கி என்ற இருவர் தனித்தனியே முதன்முதலாக இதை விவரித்தார்கள். 1893இல் பாரிஸைச் சேர்ந்த டாரியே, இந்தக் கருமை உள்ளவர்களுக்கு வயிற்றுக்குள் புற்றுநோய் இருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து கழுத்துக் கருமை என்றாலே புற்றுநோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வலுத்தது. ஆனால் குழந்தைகளுக்கும் இது வந்தது. ஆரோக்கியமாக எழுபது வயதுவரை வாழ்ந்தவர்களுக்கும் இருந்தது. அவர்கள் கணக்கில் எங்கே வருவார்கள்?

ஹெலன் செய்தது, கேட்டால் மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஒவ்வொரு நோயாளியிடமும் இது எந்த வயதில் தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, எடை எவ்வளவு, எடை கூடியபோது கூடியதா, குறைந்தபோது குறைந்ததா என்று கேட்டார். பழைய மருத்துவ இதழ்களில் வந்த நோயாளிகளை ஒருவர் விடாமல் தேடி எடுத்து, அவர்களுக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று என்று பார்த்தார். 1936இல் தீங்கற்ற வகையைப் பற்றித் தனியாக எழுதினார். 1943இல் புற்றுநோயோடு வரும் வகையைப் பற்றி. 1939இல் வந்த ஒரு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாய்க்கு இதே கருமை வந்து, அதற்குக் கல்லீரலில் புற்றுநோய் இருந்ததை இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். குட்டைக் கால் டாக்ஸ்ஹண்ட் நாய்களுக்கு இந்தக் கருமை அதிகம் வரும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். மனிதர்களைப் பார்க்கும் மருத்துவர் நாயையும் பார்ப்பதா என்று அவர் தயங்கவில்லை.

கடைசியில் அவர் வகுத்த பிரிவு இது. பிறவியிலோ சிறு வயதிலோ தொடங்கி, குடும்பத்தில் பலருக்கு இருக்கும் வகை ஒன்று. அதனால் உடலுக்குக் கேடு இல்லை. நடுத்தர வயதுக்குப் பின் திடீரென்று தொடங்கி, வேகமாகப் பரவி, உள்ளே ஒரு புற்றுநோயோடு கைகோத்து வரும் வகை இன்னொன்று. இது குடும்பத்தில் வருவதில்லை. மூன்றாவது, உடல் பருமனோடு வருவது. எடை குறைந்தால் அதுவும் குறையும். இதைப் 'போலி அகாந்தோசிஸ்' என்று 1950களின் தொடக்கத்தில் பெயரிட்டார். வேறு சில பிறவிக் கோளாறுகளோடு வருவதையும் தனியாகப் பிரித்து வைத்தார். இன்று என் முன்னால் உட்காரும் பத்தாம் வகுப்புப் பெண்ணும், எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்களும், குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்களும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களை நிமிர்ந்து பார்த்து "பயப்படாதீங்க, இது புற்றுநோய் இல்லை" என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு அவர் பிரித்துக் கொடுத்ததிலிருந்து வந்தது.

அவருக்குத் தெரியாமல் போனது ஒன்று உண்டு. பருமனாக இருப்பவர்களுக்கு ஏன் கழுத்து கறுக்க வேண்டும்? அதற்கு விடை ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தெரிந்த பிறகுதான் கிடைத்தது. அந்த அளவீட்டு முறையைக் கண்டுபிடித்தவரும் நியூயார்க்கில் வேலை பார்த்த ஒரு பெண். பிராங்க்ஸ் பகுதியில் ஒரு படைவீரர் மருத்துவமனையில் சாலமன் பெர்சனோடு சேர்ந்து உழைத்த ரோசலின் யாலோ. 1977இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒரு பெண் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு பெண் இன்சுலினை அளந்துகொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்த இடம் வேறு. 1976இல் ரொனால்ட் கான் தலைமையிலான குழு, உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாத சில பெண் நோயாளிகளிடம் இந்தக் கழுத்துக் கருமை இருப்பதைக் காட்டியது. அதன்பின் படம் தெளிவாயிற்று. உடலின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அளவுக்கு மீறிய அந்த இன்சுலின், தோலில் வளர்ச்சியைத் தூண்டும் வேறு ஏற்பிகளையும், அதாவது செல்லின் மேல் சமிக்ஞை வாங்கும் புரதங்களையும், போய்த் தட்டிவிடும். மேல்தோல் வளரும், தடிக்கும், கறுக்கும். கூடவே மருக்களும் முளைக்கும்.

ஆக, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கழுத்து சொல்லிவிடுகிறது. இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். அம்மாக்கள் என்னிடம் கேட்பது நிறத்தைப் பற்றி. கறுப்பைக் கண்டு நாம் பயப்படும் அளவுக்குச் சர்க்கரையைக் கண்டு பயப்படுவதில்லை. "வெளுக்க ஒரு கிரீம் குடுங்க" என்று வருபவரிடம் ரத்தப் பரிசோதனை எழுதினால், டாக்டர் காசு பிடுங்கப் பார்க்கிறார் என்ற முகம் தெரியும். தோல் டாக்டருக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு.

நான் எழுதும் பரிசோதனைகள் அப்படி ஒன்றும் அதிகமில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, தேவைப்பட்டால் தைராய்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125க்குள் இருந்தாலோ எச்பிஏ1சி 5.7 முதல் 6.4க்குள் இருந்தாலோ அது சர்க்கரை நோயின் வாசற்படி. இன்சுலின் அளவை எல்லாருக்கும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இரத்த அழுத்தத்தைப் பார்ப்பேன். ஒரு டேப் எடுத்து இடுப்பை அளப்பேன். நம் நாட்டினருக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். "பாப்பா ஒண்ணும் குண்டு இல்லையே" என்பார்கள். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே தள்ளிய உடல்வாகு நம்மிடம் மிக அதிகம், இன்சுலின் கோளாறுக்கு அதுவே போதும். பெண்களாக இருந்தால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்று கேட்பேன். நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓடி, பல வீடுகளில் முதன்முதலில் வெளிப்படுவது கழுத்தில்தான். சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரைகள், கொழுப்புக்குத் தரும் நியாசின் போன்றவையும் சிலருக்கு இதைக் கொண்டுவரும்.

சிகிச்சை என்று வந்தால், உள்ளே இன்சுலின் இறங்காமல் வெளியே கழுத்து மாறாது. உடல் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். 80 கிலோ இருப்பவர் நாலு முதல் எட்டு கிலோ. பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ராத்திரி தட்டில் சோறும் இட்லியும் தோசையும் குறைந்து, பயறும் முட்டையும் காயும் கூட வேண்டும். டீயில் போடும் சர்க்கரையைக் கணக்குப் பார்த்தால் பலருக்கு அங்கேயே பாதி வேலை முடிந்துவிடும். தினமும் கொஞ்சம் வேகமான நடை. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்குத் தேவைப்படும், அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தோலுக்கு யூரியா, லாக்டிக் அமிலம், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) கலந்த பூச்சுகள் ஓரளவு உதவும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டைத் தொடக் கூடாது. மாற்றம் தெரிய மாதக்கணக்கில் ஆகும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அந்தப் புகைப்படக்காரரால் முடியும்.

தேய்ப்பதை உடனே நிறுத்துங்கள். உரசல் தோலை இன்னும் தடிக்க வைக்கும். பார்லரில் கழுத்துக்கு ப்ளீச் போடுவதும் அப்படியே. மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் 'வெளுக்கும்' டியூப்களைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். அவற்றில் பல, வலுவான ஸ்டீராய்டும், ஹைட்ரோகுவினோன் என்ற நிறம் வெளுக்கும் மருந்தும் கலந்தவை. முதல் இரண்டு வாரம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து, வரிவரியாகக் கோடு விழுந்து, பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொள்ளும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, டியூபும் கிடைக்கிறது.

குடும்பத்தைக் கேட்பது ஹெலனிடமிருந்து எங்களுக்கு வந்த பழக்கம். அவர் 1959இல் பெர்ட்டா ஆஷ்னர் என்ற பெண்மணியோடு சேர்ந்து இந்தக் கருமையின் மரபியலை ஆராய்ந்து எழுதினார். அதற்கு முன் 1954இல், முள்முள்ளாகத் தோல் தடிக்கும் ஒரு நோயை ஒரே குடும்பத்தில் பின்தொடர்ந்து, மேட்ஜ் மேக்லின் என்ற மரபியலாளரோடு எழுதியதுதான் கர்த்–மேக்லின் என்ற பெயருக்குக் காரணம். தோலில் உள்ள கெரட்டின்-1 என்ற புரதத்தின் மரபணுக் கோளாறு அது என்று 2001இல் தெரியவந்தது. இந்த மேக்லினின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில், பகுதி நேர ஊழியராகவே வைத்திருந்து 1945இல் வெளியே அனுப்பினார்கள், பிறகு அமெரிக்காவில் ஒஹாயோவுக்குப் போனார். அதே மேக்லின், 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்ற யூஜெனிக்ஸ் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தவர். அந்தக் கொள்கையின் கொடூரமான வடிவத்திலிருந்து தப்பி வந்த ஒரு யூத மருத்துவரும் அவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு குடும்பத்தின் வம்ச வரைபடத்தைப் போட்டிருக்கிறார்கள். என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ.

நான் குடும்பத்தைக் கேட்பது அவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்காக இல்லை. மகளின் கழுத்தைப் பார்த்த கையோடு அம்மாவின் கழுத்தையும் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கேயும் இருக்கும், புடவைத் தலைப்புக்குள். தாத்தாவுக்குச் சர்க்கரை, பெரியப்பாவுக்குச் சர்க்கரை, அத்தைக்குக் காலில் புண் ஆறாமல் விரலை எடுத்தது என்று ஒவ்வொன்றாக வரும். அம்மாவுக்கும் சேர்த்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், சில சமயம் மகளின் அறிக்கையைவிட அம்மாவின் அறிக்கை மோசமாக இருக்கும்.

இனி அந்த அரிதான வகை. கழுத்துக் கருமை உள்ள பெரும்பாலானவர்களுக்கு இது பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்போது கவலைப்பட வேண்டும் என்பதைத் தெளிவாக்கியதும் ஹெலன்தான். 1962இல் இரு சகாக்களோடு எழுதிய கட்டுரையில், இந்தக் கருமையோடு வரும் புற்றுநோய்கள் எந்த உறுப்பில், எந்த வகைத் திசுவில் வருகின்றன என்று தொகுத்தார். பெரும்பாலானவை வயிற்றுக்குள், அதிலும் இரைப்பையில்தான் அதிகம். 1976இல், தோலில் தெரியும் ஒன்று உள்ளே இருக்கும் புற்றுநோயின் அடையாளம்தானா, இல்லை தற்செயலா என்று முடிவு செய்ய அவர் வைத்த நிபந்தனைகள் கர்த்தின் விதிகள் என்று எங்கள் துறையில் நிலைத்துவிட்டன. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும். புற்றுநோய் அடங்கினால் தோல் மாற்றமும் அடங்க வேண்டும், அது திரும்பினால் இதுவும் திரும்ப வேண்டும். எல்லாருக்கும் ஒரே வகைப் புற்றுநோயாக இருக்க வேண்டும். தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்குப் பலரிடம் காணப்பட வேண்டும். இரண்டுக்கும் பொதுவான மரபியல் தொடர்பு இருந்தால் இன்னும் உறுதி. எது எதனால் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குச் சொல்லும் இந்தக் காலத்தில், இந்த நிபந்தனைகளை மருத்துவம் படிக்காதவர்களும் ஒருமுறை வாசிக்கலாம்.

வயல் வேலை செய்யும் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான தேகம், ஒருமுறை அரிப்புக்காக என்னிடம் வந்தார். கழுத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெயிலில் நிற்கிறோம், கறுக்கத்தானே செய்யும் என்று விட்டிருக்கிறார். ஆனால் சட்டை மூடியிருந்த அக்குளும் கறுத்திருந்தது. உதடுகள் சொரசொரப்பாக இருந்தன. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் ரேகைகளெல்லாம் தடித்து மேடேறியிருந்தன. எல்லாம் சில மாதங்களுக்குள் வந்தவை. "சாப்பாடு எப்படி போகுதுங்க ஐயா?" என்று கேட்டேன். "ரெண்டு கவளம் உள்ள போனாலே நெஞ்சடைக்குது தாயி, வேட்டிகூட நிக்க மாட்டேங்குது" என்றார். எண்டோஸ்கோபிக்கு அனுப்பினேன். இரைப்பையில் புற்றுநோய் இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் திரும்பி வந்தபோது, உள்ளங்கைத் தடிப்பு நன்றாகவே குறைந்திருந்தது. அதற்கென்று நான் கொடுத்தது ஒன்றுமில்லை.

ஹெலன் கர்த் 1982இல் மறைந்தார். அவர் 'போலி' என்று பெயரிட்ட வகையை இன்று பெரும்பாலும் போலி என்று சொல்வதில்லை, இன்சுலின் அதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது. மற்றபடி அவர் கேட்ட கேள்விகளைத்தான் நாங்கள் இன்றும் கேட்கிறோம். நாற்பது வயதுக்கு மேல், பருமன் இல்லாதவருக்கு, வீட்டில் வேறு யாருக்கும் இல்லாத இந்தக் கருமை திடீரென்று வந்தால், அது உதட்டிலோ வாய்க்குள்ளோ உள்ளங்கையிலோ தெரிந்தால், கூடவே பசி குறைந்து எடை இறங்கினால், உடம்பெங்கும் புதிதாக மருக்கள் கூட்டமாக முளைத்தால், கிரீம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வாரத்திலேயே ஒரு தோல் மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். போகும்போது பழைய புகைப்படம் ஒன்று கைபேசியில் இருந்தால் எடுத்துப் போங்கள், ஆறு மாதத்துக்கு முன் கழுத்து எப்படி இருந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் எங்களுக்குச் சொல்வதில்லை.